இங்கிலீஷ்காரன் கைக்குள் என் கல்யாணம்

உலகத்தில் கல்யாணம் ஆனவன் உண்டு, ஆகாதவன் உண்டு. மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஆனவன் யார் என்று பழவேற்காட்டில் கேட்டால் என்னைத்தான் காட்டுவார்கள். மீதி இரண்டு பங்கு ஓர் இங்கிலீஷ்காரனுடைய கைக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. எல்லாவற்றுக்கும் காரணம் படிப்பு. என் படிப்பு இல்லை, எனக்கு அவ்வளவு வசதி ஏது? ஒல்லாந்து தேசத்திலிருந்து கடல் தாண்டி வந்த படிப்பு.

என் பெயர் தேசப்பன். ஒல்லாந்தர் கோட்டையில் துபாஷி. குப்பத்துப் பேச்சைக் கோட்டைக்கும், கோட்டைப் பேச்சைக் குப்பத்துக்கும் மாற்றிச் சொல்லி, இரண்டு பக்கமும் திட்டு வாங்குவது உத்தியோகம். எங்கள் நைனா அதே கோட்டையில் துரைக்குக் குடை பிடித்தார். அதனால் குடும்பமே கோட்டையை நம்பி வெயிலில் நின்ற குடும்பம் என்று சொல்லலாம்.

அந்தச் சித்திரையில் வந்த கப்பலிலிருந்து ஒரு வாத்தியாரும் மூன்று மாணவர்களும் இறங்கினார்கள். சீமையில் ஏதோ ஒரு சர்வகலாசாலை, பல தேசத்துப் பிள்ளைகளையும் சேர்த்து, பொருளாதாரமும் அரசியலும் கற்றுக்கொடுக்கக் கோடைகாலப் பாடசாலை ஒன்று போட்டிருந்தது. அவர்கள் ஊரில் கோடை என்றால் புல் முளைக்குமாம், பூ பூக்குமாம், ஜனங்கள் வெளியே வந்து உட்காருவார்களாம். அதே நினைப்பில் கம்பளிச் சட்டையோடு வந்துவிட்டார்கள். எங்கள் ஊர்க் கோடையில் காக்கைகூடப் பறக்காது, நிழல் பார்த்து நடந்துதான் போகும்.

வாத்தியார் பெயர் ஹெண்ட்ரிக். மாணவர்களில் யோஸ்ட் ஒல்லாந்துக்காரன், நீல்ஸ் டென்மார்க்குக்காரன், தாமஸ் இங்கிலீஷ்காரன். மூன்று தேசமும் எங்கள் கடற்கரையில் ஒரே துணி மூட்டைக்கு அடித்துக்கொள்பவை. பிள்ளைகளோ ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே பலாச்சுளைக்கு அடித்துக்கொண்டார்கள்.

கோட்டைச் சுவரின் நிழலில் வகுப்பு. நிழல் நகர்ந்தால் வகுப்பும் நகரும். காலையில் மேற்குச் சுவரோரம் வரி பற்றிப் பேச ஆரம்பித்தால், பொழுது சாயும்போது கிழக்குச் சுவரோரம் முடியாட்சிக்கு வந்துவிடுவார்கள். உச்சி வெயிலில் நிழலே இருக்காது. அப்போது மட்டும் பொருளாதாரம் கிடையாது.

கூடையோடு அந்தப் பக்கமாகப் போன என் அத்தை பவுனம்மாள், நைனாவின் கூடப்பிறந்தவள், நின்று பார்த்தாள்.

"இன்னாடா தேசப்பா, இதுங்க இன்னாத்துக்கு வந்து கீதுங்க?"

"படிக்க அத்தே."

"கத்திரியிலயா? வூட்ல அடிச்சித் தொரத்திட்டாங்களா?"

"பெரிய எடத்துப் புள்ளைங்க அத்தே."

"அதான் பாத்தேன். நம்ம புள்ளைங்க இந்த வெயில்ல சொம்மா உக்காராது."

அத்தையிடம் நான் பணிவாகப் பேசியதற்குக் காரணம் உண்டு. அவள் மகள் இருசம்மாள். எனக்கு முறைப்பெண். ஊரில் எல்லாரும் இருசு என்பார்கள், நான் மட்டும் கூப்பிடவே தைரியமில்லாமல் தொண்டையைச் செருமுவேன்.

இங்கே எங்கள் ஊர் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஏரிக்குள் வலை கட்டும் இடத்துக்குப் பாடு என்று பெயர். ஒரே இடத்தை ஒருவனே வைத்துக்கொள்ள முடியாது. வருஷத்துக்கு ஒரு முறை, அம்மன் கூழ் முடிந்த மறுநாள், சீட்டுப் போட்டுப் பிரிப்பார்கள். கல்யாணம் ஆனவனுக்குத்தான் பாடு. இது குப்பத்துச் சபையின் சட்டம். பாடு இருப்பவனுக்குத்தான் பெண். இது பவுனம்மாள் அத்தையின் சட்டம். மற்றவர்களுக்கு அப்பன் பாடு துணைக்கு இருக்கும். எங்கள் நைனாவோ குடை பிடிக்கப் போனதும் பாட்டைச் சபைக்கே விட்டுவிட்டார். ஆக, கல்யாணம் ஆனால் பாடு கிடைக்கும், பாடு கிடைத்தால் கல்யாணம் ஆகும். நான் நடுவில் நிற்பேன், செக்கு மாடு செத்துப்போன செக்குபோல.

போதாததற்குச் சுண்ணாம்புக்குளத்திலிருந்து ஒருவன், அப்பன் பாடும் சுருட்டை முடியுமாக, இருசைக் கேட்டு வந்து போயிருந்தான். "இந்த வருச சீட்டு வரைக்கும் பாப்பேன்டா. அப்பறம் சுருட்டைதான்" என்று அத்தை சொல்லிவிட்டாள். நாட்டாமை பச்சைமுத்து மாமாவிடம் முறையிட்டேன். அவர் எந்த வழக்கையும் "அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்று தீர்த்துவைப்பவர். பேர்போன நியாயஸ்தர்.

என் முகம் தொங்கிக் கிடப்பதை வாத்தியார் கவனித்தார். கேட்டார், சொன்னேன். அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. பாவம், வெயிலில் வந்து இத்தனை நாளில் அவருக்குக் கிடைத்த முதல் நல்ல சிக்கல் அது. அன்றிலிருந்து வரி, முடியாட்சி எல்லாம் போய், நான்தான் பாடம். என்னைப் பாயின் நடுவில் உட்காரவைத்துச் சுற்றிலும் இருந்து விவாதித்தார்கள். என்னைப் பற்றி அவர்கள் பேசியதை எனக்கே மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டேன்.

பாட்டையும் பெண்ணையும் சேர்த்து ஏலம் விடலாம் என்றான் யோஸ்ட். அத்தை வீட்டுக்கு எதிரே ஒரு சின்னக் கோட்டை கட்டிவிட்டு அப்புறம் சமாதானம் பேசலாம் என்றான் தாமஸ். நீல்ஸ் மட்டும் வெகுநேரம் யோசித்து, இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் எது முன்னே, எது பின்னே என்ற கேள்வியே இல்லையே என்றான்.

இதைக் கொண்டுபோய்க் குப்பத்தில், அத்தை வீட்டு வாசலில் கூடிய சபையிடம் சொன்னேன். பச்சைமுத்து மாமா தாடையைத் தடவினார்.

"ஒரே நேரம்னா எப்டி? தாலி ஒரு நொடி முன்னால ஏறிடுச்சின்னா?"

"என் பொண்ணு போனது போனதுதானே!" என்றாள் அத்தை.

"சீட்டு ஒரு நொடி முன்னால வுழுந்துட்டா?"

"சட்டம் போச்சு" என்றது சபை.

அப்போது உள்ளேயிருந்து இருசு, மீனை அரிந்துகொண்டே, தலை தூக்காமல் சொன்னாள்: "தாலிக்கு மூணு முடிச்சுதானே? மொத முடிச்சப் போட்டுட்டு நிறுத்துங்க. சீட்ட எடுங்க. நல்ல பாடா வந்தா மீதியப் போடுங்க."

சபை அசந்துபோனது. ஒரு முடிச்சு விழுந்தவன் கல்யாணம் ஆகாதவன் இல்லை, ஆகவே சீட்டுக்குத் தகுதி. மூன்றும் விழாதவரை பெண் போய்விடவும் இல்லை, ஆகவே அத்தைக்கு நஷ்டமில்லை. வாத்தியாரிடம் சொன்னபோது அவர் தொப்பியைக் கழற்றினார். நீல்ஸ் அது தன்னுடைய யோசனைதான் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தான்.

சீட்டு நாளும் வந்தது. சீட்டு என்பது ஓலை இல்லை, கீறல் போட்ட சிப்பிகள். ஒவ்வொரு கீறலுக்கும் ஒரு பாடு. எல்லாவற்றையும் பானைக்குள் போட்டு, ஊரில் யாருக்கும் உறவில்லாத ஒருவர் கைவிட்டு எடுக்க வேண்டும். எங்கள் ஊரில் உறவில்லாத ஆளைத் தேடுவதுதான் வருஷா வருஷம் பெரும் பாடு. போன வருஷம் திருப்பாலைவனத்து வளையல்காரரைப் பிடித்து வந்தோம். அவரும் திரும்பிப் போவதற்குள் யாருக்கோ சம்பந்தியாகிவிட்டார். இந்த வருஷம் தாமஸ் கிடைத்தான். பானைக்குள் போகும் அளவுக்குக் கை ஒல்லி, சொந்தம் கொண்டாட யாருமில்லை.

நாட்டாமை அவனுக்கு விதியைச் சொன்னார், நான் மாற்றிச் சொன்னேன். "எடுத்த கையச் சபை முன்னாலதான் விரிக்கணும். நான் 'விரி'ன்னு சொல்லாம விரிச்சா ஏரிக்கே ஆவாது. ஒரு வருசம் மீனே வராது." தாமஸ் நெஞ்சில் கைவைத்துச் சத்தியம் செய்தான்.

முதல் சீட்டு எனக்கு. மேளம் கொட்டியது. முதல் முடிச்சைப் போட்டேன். எனக்கு அக்கா தங்கை இல்லாததால் மீதி முடிச்சுக்கு ஆள் இல்லை. அந்தச் சாக்கில் அத்தை பாய்ந்து மஞ்சள் கயிற்றின் இரண்டு நுனியையும் பிடித்துக்கொண்டாள்.

"வுட்டா கழண்டுடும், கட்டினா முடிஞ்சிடும். நானே புடிச்சிக்கறேன். நீ சீட்ட எடு தொரை!"

தாமஸ் கையை விட்டான், எடுத்தான், மூடினான். எல்லாரும் நாட்டாமையைப் பார்த்தோம். நாட்டாமை வாயில் வெற்றிலை. புனிதமான சொல்லை எச்சிலோடு சொல்லக்கூடாதென்று துப்புவதற்கு எழுந்து ஓரமாகப் போனார்.

அந்த நேரம் பார்த்துக் கோட்டையிலிருந்து சிப்பாய்கள் ஓடி வந்தார்கள். காலையில் வந்த கப்பல் சேதி கொண்டுவந்திருக்கிறதாம்: ஒல்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் யுத்தம். ஆகவே பழவேற்காட்டில் உள்ள இங்கிலீஷ் படை முழுவதையும் சிறைபிடிக்கத் துரை உத்தரவு. படை முழுவதும் தாமஸ்தான். மூடிய கையோடு அவனை நடத்திக்கொண்டு போனார்கள். நாட்டாமை துப்பிவிட்டுத் திரும்பி வந்து, "எங்கடா கை?" என்றார்.

இரண்டாவது சீட்டை எடுத்துப் பார்க்கலாமே என்று கேட்டேன். எடுத்த சீட்டு விரியாமல் அடுத்த சீட்டு எடுக்கக்கூடாதாம். ஊர் மொத்தத்துக்கும் வலை கரையில் கிடந்தது. ஊர் மொத்தமும் என்னைப் பார்த்தது.

கோட்டைக்குள் வேறு கூத்து. சத்தியம் செய்த தாமஸ் கையை விரிக்க மறுத்தான். இடது கையால் சாப்பிட்டான், மூடிய கையை நெஞ்சில் வைத்துத் தூங்கினான். சென்னப்பட்டினத்து இங்கிலீஷ் கோட்டைக்குப் போக வேண்டிய ரகசியம் அந்தக் கைக்குள் இருப்பதாகத் துரைக்குச் சந்தேகம். கொல்லனைக் கூப்பிட்டுக் குறடு கொண்டுவரச் சொன்னார். வாத்தியார் குறுக்கே விழுந்தார்: "இது என் மாணவனின் கள ஆய்வு! நடுவில் திறந்தால் மதிப்பெண் போட முடியாது!" துரை நல்ல மனிதர், படித்தவர்களைக் கண்டால் பயம். குறடு திரும்பிப் போனது. சிறைக்குள் நாள் முழுக்க நிழல் இருப்பதைக் கண்டுபிடித்த வாத்தியார் வகுப்பையும் அங்கேயே மாற்றிக்கொண்டார். யோஸ்டும் நீல்ஸும் தாமஸைப் பொறாமையோடு பார்த்தார்கள்.

ஒருநாள் மற்றவர்கள் இல்லாதபோது தாமஸ் என்னைக் கிட்டே கூப்பிட்டான்.

"தேசப்பன், உனக்கு மட்டும் ஒரு விரலைத் தூக்கிக் காட்டட்டுமா? யாருக்கும் தெரியாது."

தூக்கு என்று சொல்ல வாய் வந்தது. "வேணாம் தொரை" என்றேன். அவன் என்னைப் பெரிய உத்தமன் என்று நினைத்து முதுகில் தட்டினான். உத்தமமும் இல்லை, ஒரு புண்ணாக்கும் இல்லை. மோசமான பாடாக இருந்துவிட்டால்? மூடியிருக்கிற வரைக்கும் இருசு கழுத்தில் ஒரு முடிச்சாவது என்னுடையது.

அந்த ஒரு முடிச்சைக் காப்பாற்ற அத்தை படுத்திய பாடு இருக்கிறதே! கயிற்று நுனியை விடவே இல்லை. இருசு தண்ணீருக்குப் போனால் பின்னாலேயே அத்தை. அடுப்பு ஊதினால் பின்னாலேயே அத்தை. பெரிய படகு இழுத்துக்கொண்டு போகும் தோணிபோல. குளத்தங்கரையில் அவர்களைப் பார்த்தேன். தொண்டையைச் செருமினேன்.

"சொல்லு மாமா" என்றாள் இருசு.

"ஒண்ணுமில்லே. கழுத்து வலிக்குதா?"

"கழுத்து வலிக்கலே. எங்கம்மா மூச்சுதான் பெடரில அடிக்குது."

"நான் காதப் பொத்திக்கினு கீறேன், நீங்க பேசுங்க" என்றாள் அத்தை. இரண்டு கையிலும் கயிறு, எதால் பொத்துவாள்?

"மாமா, ஒண்ணு கேக்கறேன். கெட்ட பாடா வந்தா இன்னா பண்ணுவே?"

"அது... சபை இன்னா சொல்லுதோ..."

"சபைய நான் கட்டிக்கலையே."

எனக்கு இரண்டு மூன்று பாஷை தெரியும். தொண்டையைத்தான் செருமினேன். அவள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். பின்னாலேயே அத்தை.

கடைசியில் நாட்டாமையே ஒரு வழி சொன்னார். தண்ணீர் எங்கே இருக்கிறதோ அங்கே சபை உட்காரலாம். தாமஸின் சிறை ஜன்னல் ஏரிப்பக்கம் பார்த்தது. குப்பமே சீட்டுப் பானையோடு படகேறி வந்து ஜன்னலுக்குக் கீழே கூடியது. துரையும் சம்மதித்தார். உள்ளே அவரும் வாத்தியாரும் மாணவர்களும், வெளியே சபை, நடுவில் கம்பிக்கு வெளியே நீட்டிய கை. நான் தாமஸ் பக்கத்தில் நின்றேன். இருசு கீழே படகில், அவளுக்குப் பின்னால் கயிற்றோடு அத்தை.

நாட்டாமை இந்தத் தடவை வெற்றிலையே போடவில்லை. "விரி!" என்றார்.

கை விரியவில்லை.

இத்தனை நாள் மூடிய விரல்கள் மரத்துப்போயிருந்தன. தாமஸ் பல்லைக் கடித்தான், வியர்த்தான், விரல் அசையவில்லை. கீழேயிருந்து ஆளுக்கொரு வைத்தியம் வந்தது.

"சுடுதண்ணி ஊத்துங்கடா!"

"கிச்சுகிச்சு மூட்டு!"

"வெளக்கெண்ண தடவு தேசப்பா, ஜல்தி!"

கோட்டை மடப்பள்ளியிலிருந்து விளக்கெண்ணெய் வந்தது. நான்தான் தடவினேன். ஆசையாக, தாராளமாக, முழங்கைவரைக்கும் தடவினேன். விரல் ஒவ்வொன்றாக நெகிழ்ந்தது. கீழே நூறு கழுத்து நிமிர்ந்தது. சிப்பி மீன்குஞ்சு மாதிரி வழுக்கி, கம்பியில் பட்டு, டணங் என்று ஒரு சத்தம் போட்டு, ஏரிக்குள் போய்விட்டது.

என் கல்யாணத்தை நானே எண்ணெய் போட்டு வழியனுப்பிவைத்தேன்.

நீல்ஸ்தான் மேலேயிருந்து கத்தினான்: பானையில் மீதி இருப்பதைப் பார்த்தால் எது குறைகிறது என்று தெரிந்துவிடுமே! அந்தக் கோடை முழுவதும் அவர்கள் சொன்னவற்றில் உருப்படியான வார்த்தை அது ஒன்றுதான். பானையைக் கவிழ்த்தார்கள், பார்த்தார்கள். குறைந்தது முகத்துவாரப் பாடு. ஏரிக்கே ராஜா. கடலிலிருந்து வரும் மீன் முதலில் வந்து கும்பிடு போடும் இடம்.

நான் குதிப்பதற்குள் சபைக்குப் பார்வை மங்கிவிட்டது.

"எவன் பாத்தான்? கையில இருந்தத யாராவது பாத்தீங்களா?"

"நான் பாக்கலே."

"கீறல் தெரியலேன்னா சீட்டே இல்லே. முகத்துவாரம் பானைக்கே திரும்பணும்" என்றார் பச்சைமுத்து மாமா. அவருடைய சீட்டும் இன்னும் எடுக்கப்படவில்லை.

வாத்தியார் மேலே பூரித்துப்போய், "இதுதான் அரசியல்! கவனியுங்கள், கவனியுங்கள்!" என்று மாணவர்களைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அப்ப பாடு இல்லே" என்றாள் அத்தை. "பாடு இல்லேன்னா முடிச்சு இல்லே. அவுத்துடறேன்டா தேசப்பா. மனசுல வச்சுக்காத."

எனக்கு அப்போதுதான் வாய் திறந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்: "இருசு! கெட்ட பாடும் வேணாம், நல்ல பாடும் வேணாம்! நான் குடை புடிச்சாவது சோறு போடறேன்!"

அவள் பெயரை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. ஊர் மொத்தமும் கேட்டது.

இருசு நிமிர்ந்து பார்த்தாள். படகிலேயே திரும்பி, அத்தை கையிலிருந்து நுனி இரண்டையும் வெடுக்கென்று பிடுங்கி, தன் கழுத்தில் தானே இரண்டாவது முடிச்சைப் போட்டாள். படகு ஆடியது. மூன்றாவதையும் போட்டாள்.

"இவ்ளோ நேரமா இத்தச் சொல்றதுக்கு?" என்றாள் என்னிடம்.

அத்தை காலியான கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாவம், இத்தனை நாள் பிடித்த பழக்கம். மடக்கிய விரலை நீட்ட அவளாலும் முடியவில்லை.

இப்போது சபைக்குத்தான் சிக்கல். கல்யாணம் முழுசாக ஆன ஒருவன் பாடு இல்லாமல் நிற்கிறான். அப்படி ஒருவன் இருக்கவே கூடாதென்பது அவர்கள் சட்டம். முகத்துவாரத்தைக் கொடுக்கவும் மனசில்லை. படகுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு குசுகுசுத்தன. கடைசியில் நாட்டாமை தொண்டையைக் கனைத்தார்.

"சீட்டு எங்க வுழுந்துச்சோ அதான் அவன் பாடு. இந்த ஜன்னலுக்குக் கீழ. எழுதாத எடம், எவனும் கேக்காத எடம். சரியா?"

"அது கோட்டையின் தண்ணீர்!" என்று துரை சீறினார்.

அவர் சீறி முடிப்பதற்குள் சேதி சொன்ன கையோடு ஜுரத்தில் விழுந்திருந்த கப்பல் மாலுமி தெளிந்து எழுந்து வந்து சேர்ந்தான். யுத்தம் என்று அவன் கொண்டுவந்த சேதி இந்த யுத்தம் இல்லையாம், போன யுத்தமாம். அது முடிந்து சமாதானமும் ஆகி, இரண்டு தேசத்துப் பிரபுக்களும் ஒருவருக்கொருவர் விருந்தே போட்டுவிட்டார்களாம். கப்பல்தான் ஜாவாத் தீவுப் பத்தாவியா, இலங்கை என்று நின்று நின்று சாவகாசமாகக் கொண்டுவந்திருக்கிறது. துரை முகம் சிவந்து, தாமஸிடம் மன்னிப்புக் கேட்டு, அந்தச் சந்தடியில் தண்ணீரையும் எனக்கு விட்டுக்கொடுத்தார். தான் மத்தியானம் தூங்கும்போது வலையை இழுத்துச் சத்தம் போடக்கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை.

அந்த இடம் யாருக்கும் வேண்டாத இடம்தான். ஆனால் கோட்டை மடப்பள்ளியின் மிச்சம் மீதியெல்லாம் அங்கேதான் விழும். ரொட்டி, கொழுப்பு, ஈரல். முதல் நாள் வலையில் வந்த நண்டு ஒவ்வொன்றும் அத்தையின் இரண்டு கை சேர்ந்த அளவு.

"ஒல்லாந்தான் சோத்தத் தின்னு வளந்த நண்டுடா, பார்றா அது மொகத்த, தொரை மாதிரியே மொறைக்குது" என்றாள். கூடையில் அள்ளிக்கொண்டே, எங்கேயோ பார்த்தபடி, "உள்ள வந்து சாப்டுட்டுப் போ மருமவனே" என்றாள்.

மழைக்கு முன்னால் கோடைகாலப் பாடசாலை முடிந்தது. மூன்று பேரும் தேறிவிட்டார்கள் என்று வாத்தியார் அறிவித்தார். எதில் தேறினார்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் யோசித்ததாகத் தெரியவில்லை. வழியனுப்பக் குப்பமே கரையில் நின்றது. யோஸ்ட் தொப்பியை ஆட்டினான். நீல்ஸ், "ஒரே நேரத்தில் என்று முதலில் சொன்னது நான்!" என்று கடைசியாக ஒருமுறை கத்தினான். தாமஸ் மட்டும் கையை முழுசாக விரிக்க முடியாமல், மூடிய மாதிரியே தூக்கி ஆட்டிக்கொண்டு போனான்.

"இன்னும் இன்னா வச்சிகினு கீறான் கையில?" என்று கேட்டாள் இருசு.

தொண்டையைச் செருமினேன். பழக்கம்.

"ஒண்ணுமில்லே இருசு" என்றேன். "அதுல இருந்ததத்தான் நமக்குக் குடுத்துட்டானே."